அரைச் சம்பளமும் ஒரு கோழிக் குழம்பும்

எங்கள் பாலிடெக்னிக் அலுவலகத்தின் வெளிச்சுவரில் கம்பி வலை போட்ட ஒரு பலகை உண்டு. ஒவ்வொரு ஜூலையிலும் அதில் ஒரு தாள் ஒட்டுவார்கள். படிப்பை நிறுத்திக்கொள்கிறவர்கள் ஆகஸ்ட் முடிவதற்குள் எழுதிக் கொடுத்தால் கட்டிய சம்பளம் திரும்பக் கிடைக்கும், செப்டம்பர் பிறந்துவிட்டால் எதுவும் கிடைக்காது என்பது அதன் சாரம். படிப்புக்குக் கட்டுகிற பணத்தை எங்கள் பக்கத்தில் சம்பளம் என்றுதான் சொல்வோம். சேர்ந்த புதிதில் யாரும் போவதைப் பற்றி நினைப்பதில்லை; அதனால் அந்தத் தாளை யாரும் படிப்பதில்லை. இரண்டாம் வருடத் தொடக்கத்தில் என்னைக் கொண்டுவந்து விட வந்த அப்பா நின்று படித்தார். படித்துவிட்டு, சரிதானா என்று ஜன்னலுக்குள் இருந்த கிளார்க்கிடம் கேட்டார்.

“ஏனுங்க, இதுல போட்டிருக்கறது நெசந்தானுங்களா? நின்னுட்டாப் பணத்தத் திருப்பிக் குடுத்துருவீங்களா?”

“ஆகஸ்ட் கடைசி வேலை நாள் சாயங்காலம் வரைக்குமுங்க. அதுக்கப்புறம் நீங்க அழுதாலும் வராதுங்க, நான் அழுதாலும் வராதுங்க.”

அப்பா சிரித்தார். பிறகு என்னை வாசல் கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போய்த் தன் முடிவைச் சொன்னார். எங்கள் கிணற்றில் தண்ணீர் வருடா வருடம் கீழே போய்க்கொண்டிருந்தது. மாடு கட்டி இறைத்துக் கட்டுப்படியாகவில்லை என்று முந்தின வருடம்தான் கடன் வாங்கிக் கரண்ட் மோட்டார் வைத்திருந்தார்.

“அம்மணி, நீ படிக்கறதுல எனக்கொண்ணும் வருத்தமில்ல. அரைச் சம்பளம் கெடச்சுதுன்னாப் படி. கெடைக்கலீன்னா, அந்த மாசம் முடியறதுக்குள்ள எழுதிக் குடுத்துட்டு வந்துரு. கட்டுனதையாச்சும் வாங்கி மோட்டார் கடனுக்குக் குடுத்துப்போடலாம்.”

“செரிங்கப்பா” என்றேன்.

வேறென்ன சொல்வது. ஊருக்குப் போனால் எனக்கு என்ன காத்திருந்தது என்று தெரியும். நெகமத்துப் பக்கம் ஒரு மாப்பிள்ளை, அவருடைய தென்னந்தோப்பு, அந்தத் தோப்பைப் பற்றி அம்மா செய்து முடித்திருந்த விசாரிப்பு. இங்கே எனக்கு என்ன இருந்தது என்றால் ஒரு வரைபலகை. ஒரு வால்வை நடுவில் வெட்டினால் உள்ளே எப்படி இருக்கும் என்பதை, வெட்டாமலே தாளில் கொண்டுவரலாம் என்று முதல் வருடத்தில் கற்றிருந்தேன். அதை விட்டுப் போக எனக்கு மனமில்லை. அவ்வளவுதான்.

அரைச் சம்பளம் என்பது சலுகை. குடும்ப வருமானம் அரசாங்கம் வைத்த வரம்புக்குள் இருந்தால் பாதிச் சம்பளம் கட்டினால் போதும். விண்ணப்பம் போட வேண்டும். தாலுகா அலுவலகத்திலிருந்து ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வீட்டுக்கு வந்து விசாரித்துப் போவார். அவர் எழுதுவதை வைத்துத் தாசில்தார் சான்று கொடுப்பார். நான் முதல் நாளே விண்ணப்பம் போட்டேன். என் அறைத்தோழியும் போட்டாள்.

விடுதியில் எங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது குறைவு. அவள் பொள்ளாச்சி. நான் கிணத்துக்கடவுக்கு மேற்கே ஒரு சிற்றூர் என்பதால் முதலில் கிணத்துக்கடவு என்றார்கள். பிறகு சோம்பேறித்தனத்தில் கிணறு என்று சுருக்கிவிட்டார்கள். அவளைப் பார்த்து எனக்குப் பொறாமை. எதையும் வரிசைப்படுத்தி வைக்கிற பழக்கம் எனக்கு உண்டு. இதையும் வரிசைப்படுத்தித்தான் வைத்திருந்தேன். முதலாவது அவளுடைய கருவிப் பெட்டி. நீல வெல்வெட் பதித்தது, ஒவ்வொரு கருவிக்கும் அதன் உருவத்தில் ஒரு குழி. என்னுடையது படித்து முடித்துப் போன ஒரு பெண்ணிடம் வாங்கியது. காம்பஸின் கால் ஒன்று தளர்ந்திருக்கும். இரண்டாவது, அவள் மை தொட்டு இழுக்கும் கோடு. தொடக்கத்திலும் முடிவிலும் ஒரே கனத்தில் இருக்கும். மூன்றாவது கூந்தல். நான்காவதிலிருந்து என் வரிசை குழம்பிப்போகும். மெஸ்ஸில் பரிமாறுகிற அம்மாள் அவளுக்கு மட்டும் முறுகலான தோசை கொண்டுவருவதும், வார்டன் அவளை மட்டும் “என்ன கண்ணு, இளைச்சுட்டே” என்பதும், என்னிடம் ரெஜிஸ்டரைப் பார்த்தபடியே பேசுகிற அலுவலகக் கிளார்க் அவளைக் கண்டதும் பேனாவைக் கீழே வைப்பதும், எல்லாம் ஒன்றா, வேறு வேறா என்று என்னால் பிரிக்க முடிந்ததில்லை.

“நீ எதுக்குடி விண்ணப்பம் போடறே? உங்கூட்ல ரேடியோ இருக்குது” என்று கேட்டேன்.

“ரேடியோவா சம்பளம் கட்டுது? போட்டு வெப்போம். குடுத்தா வாங்கிக்கலாம். இல்லீன்னா இல்லீன்னு சொல்லட்டும்.”

எனக்கு இல்லையென்றால் என்ன ஆகும் என்று அவளிடம் அப்போது சொல்லவில்லை.

ஜூலைக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். இன்ஸ்பெக்டர் வந்து போய்விட்டார் என்று அம்மா வாசலிலேயே சொன்னாள். முகமெல்லாம் பெருமை.

“நெம்ப நல்ல மனுசன். வேண்டாம் வேண்டாம்னாரு, உடுவமா? கோழி அடிச்சுக் குழம்பு வெச்சேன். வெல்லம் போட்டுக் கச்சாயம் சுட்டேன். பெரிய ஊட்ல போயி ஜமக்காளம் வாங்கியாந்து விரிச்சோம். கால் கழுவத் தண்ணி கேட்டாரு, உங்கப்பா மோட்டாரையே போட்டு உட்டாரு. அப்படியே நொரை கட்டிக் கொட்டுச்சு பாரு.”

“அவர் என்னம்மா கேட்டார்?”

“வெள்ளாமையெல்லாம் எப்படின்னு கேட்டாரு.”

“அப்பா என்ன சொன்னார்?”

“என்ன சொல்லுவாரு. சாமி புண்ணியத்துல ஒரு கொறையும் இல்லீங்கன்னாரு.”

எங்கள் ஊரில் வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் வேறு பதில் சொல்கிற குடியானவன் கிடையாது. வயல் காய்ந்து கிடந்தாலும் அதைத்தான் சொல்வான். கச்சாயம் மீதி இருக்கிறது என்று அம்மா கொண்டுவந்து வைத்தாள். ஒன்றைக்கூட என்னால் தின்ன முடியவில்லை.

ஆகஸ்ட் முதல் வாரத்தில் பலகையில் முடிவு ஒட்டினார்கள். பொள்ளாச்சிக்கு அரைச் சம்பளம். எனக்கு, வருமானம் வரம்புக்கு மேல் என்பதால் இல்லை. நான் அதைப் படித்துவிட்டு, வகுப்புக்கு நேரமாகிவிட்டதால் வகுப்புக்குப் போனேன். அன்று வரைந்த படத்தில் மூன்று இடங்களில் மை கொட்டியது. பக்கத்துப் பலகையில் அவள் கோடுகள் எப்போதும்போல் போய்க்கொண்டிருந்தன.

சாயங்காலம் அறையில் தலைக்கு எண்ணெய் வைத்தபடி, அவள் வீட்டு விசாரணை எப்படி நடந்தது என்று அவளாகவே சொன்னாள். அவள் அப்பாவுக்குக் கொப்பரைத் தரகு. விற்கிறவனுக்கும் வாங்குகிறவனுக்கும் நடுவில் நின்று பேசி முடித்தால் கமிஷன். நிலம் கிடையாது, பட்டா கிடையாது, எந்தத் தாளிலும் வருமானம் இல்லை.

“எங்கம்மா ரேடியோ இருக்கற ரூமைப் பூட்டிப்போட்டு, பின்னாடி கொட்டாயில உக்காந்து புளி உடைச்சிட்டிருந்தாங்க. அங்கயே வரச் சொல்லீட்டாங்க. தண்ணி வேணுங்களான்னு ஒரு தடவ கேட்டாங்க. அவரு வேண்டாம்னாரு. சரீன்னுட்டாங்க.”

“வருமானம் கேட்டிருப்பாரே.”

“பொய் ஒண்ணும் சொல்லல. தரகு வர்ற மாசமும் உண்டு, வராத மாசமும் உண்டு. வராத மாசத்தைச் சொன்னோம்.”

என் வீட்டில் நடந்ததை நானும் சொன்னேன். நிதானமாகத்தான் சொன்னேன். ஜமக்காளத்துக்கு வரும்போதே சிரிக்க ஆரம்பித்தாள். மோட்டாருக்கு வந்தபோது கட்டிலில் சாய்ந்துவிட்டாள்.

“ஏழைன்னு காட்டறதுக்குக் கோழியடிச்சுக் காட்டுன ஒரே குடும்பம் உங்களுதுதாண்டி, கிணறு.”

நான் சிரிக்கவில்லை. மாதம் முடிவதற்குள் நின்றுவிட வேண்டும் என்று அப்பா சொல்லியிருப்பதைச் சொன்னேன். அவள் எழுந்து உட்கார்ந்தாள். மறுநாள் காலை இடைவேளையில் அலுவலகத்துக்குப் போய், மறுவிசாரணை கேட்டு மனுப் போடலாம் என்று கிளார்க்கிடமிருந்து தெரிந்துகொண்டு, மனுவின் வாசகத்தையும் அவர் கையாலேயே எழுதி வாங்கிக்கொண்டு வந்தாள். நான் அவளை அனுப்பவில்லை. அந்த ஜன்னலுக்கு முன்னால் நானும் எத்தனையோ தடவை நின்றிருக்கிறேன்; மறுவிசாரணை என்று ஒன்று இருப்பதை அவர் என்னிடம் சொன்னதில்லை. மனுவில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கப் போனபோது, “அந்தப் பொண்ணுதான் உனக்காக நெம்பச் சொல்லுச்சு” என்றார், ரெஜிஸ்டரைப் பார்த்தபடி.

மறுவிசாரணை ஒரு சனிக்கிழமை என்று தகவல் வந்தது. அம்மாவுக்குக் கடிதம் எழுதினேன். கோழி கூடாது. பலகாரம் கூடாது. ஜமக்காளம் கூடாது. மோட்டார் போடக் கூடாது. மோர் கொடுக்கலாம். இதெல்லாம் ஏன் என்றும் எழுதினேன். சரி என்று பக்கத்து வீட்டுப் பையன் கையெழுத்தில் பதில் வந்தது. பதில் வந்த அன்றே, “நானும் வாரேன்” என்றாள் பொள்ளாச்சி. வேண்டாம் என்று சொல்ல எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. அறைத்தோழியும் வருகிறாள் என்று அம்மாவுக்கு இன்னொரு கார்டு போட்டேன்.

உக்கடம் குளத்தைத் தாண்டியதுமே காற்று பஸ்ஸுக்குள் புழுதியை அள்ளிப் போட்டது. கிணத்துக்கடவில் இறங்கி நடந்தோம். வழியெல்லாம் அவள் பேசிக்கொண்டு வந்தாள். வீட்டு வாசலில் நுழையும்போதே எனக்கு மணம் தெரிந்துவிட்டது. நேராக அடுக்களைக்குப் போனேன். அடுப்பில் கோழி கொதித்துக்கொண்டிருந்தது.

“அம்மா, நான் என்ன எழுதியிருந்தேன்?”

“அவருக்கில்ல கண்ணு. நீ ஒரு புள்ளயக் கூட்டியாறேன்னு எழுதியிருந்தியே, அந்தப் புள்ளைக்கு. மொதல் மொதலா ஊட்டுக்கு வர்ற ஒரம்பரைக்கு ரசஞ்சோறா போடறது?”

கூட வருகிற விருந்தாளிக்கான கோழியைப் பற்றி என் கடிதத்தில் நான் எதுவும் எழுதவில்லைதான். அம்மா அதற்குள் பொள்ளாச்சியின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்து, உட்கார வைத்து, காற்றில் கலைந்த தலையை வாரிவிடத் தொடங்கியிருந்தாள். “என்ன முடி கண்ணு உனக்கு. எங்கூட்டுப் புள்ளைக்கும் இருக்குதே, எலிவால் மாதிரி.” அவளும் குழந்தைபோலக் கழுத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என் தலையை அம்மா கடைசியாக எப்போது வாரினாள் என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை.

இன்ஸ்பெக்டர் சரியாகச் சாப்பாட்டு நேரத்துக்கு வந்தார். சைக்கிளை நிறுத்திவிட்டு மூக்கை உறிஞ்சினார்.

“என்னுங்க, மறுபடியும் மணக்குதே.”

“உங்களுக்காகப் பண்ணலீங்க” என்றாள் அம்மா. “ஊட்டுக்கு ஒரம்பரை வந்திருக்குது. நீங்களும் ஒரு வாய் சாப்பிட்டுத்தான் போகோணும்.”

அவர் மறுத்தார். அம்மா இலையைப் போட்டுவிட்டாள். அப்பா தூணோரம் கைகட்டி நின்றார். நான் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்றேன். குழம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு பரிமாறப் போனது பொள்ளாச்சி.

“சார், போன தடவ நீங்க சாப்பிட்டது இவங்க ஊட்டு முட்டைக் கோழிங்க. இது அதோட தங்கச்சி. இன்னொருக்கா விசாரணைக்கு வந்தீங்கன்னா இனிச் சேவல்தான் பாக்கி. அப்புறம் இவங்களக் காலைல எழுப்பறதுக்கு ஆளில்லீங்க.”

அவருக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. தண்ணீர் குடித்துவிட்டு, “நீ யாரம்மா?” என்றார்.

“நானும் அரைச் சம்பளந்தானுங்க. எங்கூட்டுக்கு வேற ஒருத்தர் வந்தாருங்க. பச்சத்தண்ணிகூடக் குடிக்கல. கையெழுத்துப் போட்டுட்டாருங்க.”

அவர் இலையைப் பார்த்தார், பிறகு அப்பாவைப் பார்த்தார். “போன தடவ கேட்டப்ப நீங்கதானுங்களே கொறையில்லீன்னீங்க? தண்ணியும் யானைத் தும்பிக்கையாட்டம் கொட்டுச்சு. நான் என்னன்னுதான் எழுதறது?”

“ஊட்டுக்கு வந்தவங்ககிட்ட அழுகறதுங்களா?” என்றார் அப்பா.

இன்ஸ்பெக்டரின் கை இலையிலேயே நின்றது. பொள்ளாச்சிகூடச் சட்டியோடு அப்படியே நின்றாள். அவளுக்கு அடுத்து என்ன சொல்வதென்று தெரியவில்லை என்பதை நான் கண்டேன். அவளுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது என்பது எனக்கு ஒரு குளிர்ந்த சந்தோஷத்தைக் கொடுத்தது. கதவைவிட்டு வெளியே வந்தேன்.

“சார், அன்னிக்குத் தண்ணி கொட்டுனத எவ்வளவு நேரம் பாத்தீங்க?”

“கால் கழுவற நேரந்தான்.”

“இப்பப் போய் மோட்டாரைப் போடறேனுங்க. நீங்க மெதுவாச் சாப்பிடுங்க. கை கழுவ மட்டும் கிணத்துக்கு வாங்க.”

போய்ப் போட்டேன். தண்ணீர் நுரைத்துக்கொண்டு தொட்டியில் விழுந்தது. யார் பார்த்தாலும் பணக்காரக் கிணறு என்றுதான் சொல்வார்கள். நான் தண்ணீரைப் பார்க்கவில்லை, சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் இரண்டாம் சோற்றை முடித்துக் குழம்புக் கையோடு வரும்போது சத்தம் மாறியது. தண்ணீர் மெலிந்தது, விட்டு விட்டு வந்தது, பைப்பு இருமியது, பிறகு வெறும் காற்று. மோட்டாரை நிறுத்தினேன். அவர் கையை நீட்டியபடி நின்றார். விரல்களில் குழம்பு காய்ந்துகொண்டிருந்தது.

“இவ்வளவுதானுங்க. ராத்திரி பூராவும் ஊறுனது இதுதான். பைப்போட அடிக்குக் கீழ தண்ணி போயிருச்சுன்னா மோட்டார் காத்தத்தான் இழுக்கும். இனிச் சாயங்காலம் கொஞ்சம் வரும். இந்த மோட்டாரும் கடனுங்க.”

அவர் கிணற்றை எட்டிப் பார்த்தார். “இந்தத் தண்ணிக்கு எவ்வளவு பாயும்?” என்று அப்பாவைக் கேட்டார்.

அப்பா மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார். “ஒரு ஏக்கராப் பாஞ்சாப் பெருசுங்க” என்றார். வெளியாளிடம் அவர் ஒரு குறையைச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அம்மா செம்பில் தண்ணீர் கொண்டுவந்து இன்ஸ்பெக்டரின் கையில் ஊற்றினாள்.

நாங்கள் கிளம்பும்போது அம்மா ஒரு பையில் நிலக்கடலையும் முருங்கைக்காயும் கட்டிப் பொள்ளாச்சியின் கையில் கொடுத்தாள். கனகாம்பரத்தை அவள் தலையில் வைத்துவிட்டாள். “நீ வந்ததுனாலதான் கண்ணு இன்னிக்குப் பேச்சே நடந்துச்சு. எங்கூட்டுப் புள்ளைக்கு வாயில்ல.” மோட்டாரைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. திரும்பும் பஸ்ஸில் பொள்ளாச்சி என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். அம்மா தொடுத்த பூ என் மூக்குக்கு நேராக ஆடிக்கொண்டு வந்தது. தோளை நகர்த்தலாமா என்று உக்கடம் வரை யோசித்தேன். நகர்த்தவில்லை.

ஆகஸ்ட் கடைசி வேலை நாளில் அப்பா வந்தார். என் டிரங்குப் பெட்டியைக் கட்டுவதற்குக் கயிறு கொண்டுவந்திருந்தார். பொள்ளாச்சி அப்போது ஒர்க்‌ஷாப்பில் இருந்தாள். ஜன்னலில் நானும் அப்பாவும் நின்றோம்.

“தாலூக்கா ஆபீசுல இருந்து இன்னும் வரலீங்க” என்றார் கிளார்க். “வரலாம், வராமலும் போகலாம். இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள எழுதிக் குடுத்தா, கட்டுன பணம் உண்டுங்க.” வெள்ளைத்தாளையும் பேனாவையும் நகர்த்தி வைத்தார்.

“எழுதிக் குடுத்துரு அம்மணி” என்றார் அப்பா.

பேனாவை எடுத்தேன். கிளார்க்கின் பேனா, மை ஒழுகுவது. தாளின் மேல் பிடித்தபோது ஒரு சொட்டு விழுந்தது. பிறகு மூடியைப் போட்டு ஜன்னலுக்குள்ளேயே வைத்துவிட்டேன்.

“நான் நிக்கலீங்கப்பா.”

அவர் காதில் விழாததுபோல் நின்றார்.

“அரைச் சம்பளம் வந்தா நல்லதுங்க. வரலீன்னாலும் இந்த வருசத்தைப் படிச்சே ஆகோணும். மோட்டார் கடன் தள்ளிப்போறது எனக்குத் தெரியுமுங்க. படிச்சு முடிச்சு வேலைக்குப் போயி அதை நான் கட்டறேன். நெகமத்துக்காரங்ககிட்ட வேற எடம் பாத்துக்கச் சொல்லீருங்க.”

கிளார்க் முதல் தடவையாக ரெஜிஸ்டரிலிருந்து தலையை உயர்த்தி என் முகத்தைப் பார்த்தார். அப்பா கயிற்றைக் கையில் சுற்றினார், பிரித்தார், மறுபடி சுற்றினார்.

“இப்படிப் பேசோணும்னு அந்தப் பொள்ளாச்சிப் புள்ள சொல்லிக் குடுத்துச்சா?”

“இல்லீங்க.”

“நெம்பத் தெகிரியமான புள்ள அது” என்றார் அப்பா. “செரி, இரு. நான் போய்ட்டு வாரேன்.”

கயிற்றைப் பைக்குள் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார். அவருக்குக் கோபமில்லை என்பது நடையிலேயே தெரிந்தது. பின்னால் ஓடிப்போய், அவள் சொல்லித் தரவில்லை, நானாகத்தான் சொன்னேன் என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது. சாலையில் அப்படி ஓடிப்போய்ச் சொல்கிற விஷயமா அது.

ஆணை செப்டம்பரில் வந்தது. கிளார்க் அதை என்னைக் கூப்பிட்டுக் கொடுக்கவில்லை. வழியில் பார்த்த பொள்ளாச்சியிடம் கொடுத்தனுப்பினார். அவள் மெஸ்ஸுக்குள் அதை உயர்த்திப் பிடித்தபடி வந்து, “கிணத்துல தண்ணி வந்துருச்சு” என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள். கோழிக் கதையை விடுதி முழுவதும் ஏற்கெனவே அவள் வாயால் கேட்டிருந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். யாருக்குத் தட்டினார்கள் என்று எனக்குத் தெரியும். அப்பா கட்டியிருந்ததில் பாதி அவருக்கு மணியார்டரில் திரும்பிப் போயிற்று. பரிமாறுகிற அம்மாள் அன்று ராத்திரி அவளுக்கு ஒரு கரண்டி நெய் கூடுதலாக விட்டாள். எனக்கு எப்போதும் விடுகிற அளவுதான். அதைப் பிசைந்து சாப்பிட்டுவிட்டு, மறுநாள் கொடுக்க வேண்டிய வால்வின் வெட்டுத் தோற்றத்தை வரைந்து முடிக்க மாடிக்குப் போனேன்.